தாமதமாக வந்தவர்களுக்கு ஹாரி பாட்டர்: தோட்டப்புறத்திலிருந்து ஒரு விளக்கம்

ஹாரி பாட்டர் கதைகளைப் புதிதாகத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்போவதாக ஹெச்பிஓ நிறுவனம் 2023 ஏப்ரலில் அறிவித்தது. 2025இல் படப்பிடிப்பும் தொடங்கிவிட்டது. அப்போதிருந்து மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்பட்டணங்களிலும் அந்தப் பெயர் மறுபடி காதில் விழுகிறது. கூடவே பல கேள்விகள். புத்தகம் ஏழா, எட்டா? படம் பார்த்தாகிவிட்டது, இனி எதற்குப் படிப்பது? பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால் சூனியம், செய்வினை என்று புத்தி போய்விடுமா? முப்பது, நாற்பது வயதில் சிறுவர் கதையைக் கையில் எடுத்தால் சரிப்படுமா?

ஊரெல்லாம் படித்து முடித்த பிறகு வருகிறவருக்கு எது தேவை, எது தேவையில்லை என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் கணக்கு

ஜே. கே. ரோலிங் எழுதிய ஹாரி பாட்டர் நாவல்கள் ஏழு. முதலாவது 1997 ஜூன் 26 அன்று லண்டனில் வெளிவந்தது. புளூம்ஸ்பரி பதிப்பகம் முதல் அச்சில் கெட்டி அட்டையில் போட்டது 500 பிரதிகள்தான். ஏழாவது 2007 ஜூலை 21 அன்று வந்தது. இடைப்பட்ட பத்து வருடத்தில் ஒரு சிறுவர் கதை உலகத்திலேயே அதிகம் விற்ற புத்தகத் தொடராகிவிட்டது. இன்றைக்கு விற்பனை 60 கோடிப் பிரதிகளைத் தாண்டியிருக்கிறது. 80க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது.

குழப்பம் வருகிற இடங்கள் மூன்று.

1. படங்கள் எட்டு, புத்தகங்கள் ஏழு. கடைசிப் புத்தகத்தை இரண்டு படமாகப் பிரித்தார்கள். படங்கள் 2001இல் தொடங்கி 2011இல் முடிந்தன.

2. 2016இல் "எட்டாவது கதை" என்று ஒரு புத்தகம் கடைகளுக்கு வந்தது. அது மேடை நாடகத்தின் எழுத்துவடிவம். நாடகத்தை எழுதியவர் ஜாக் தோர்ன். நாவலை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். ஏழையும் முடிக்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

3. முதல் புத்தகத்துக்கு இங்கிலாந்தில் ஒரு பெயர், அமெரிக்காவில் வேறு பெயர். அமெரிக்கப் பதிப்பில் சில சொற்களும் பக்க எண்களும் மாறும், கதை மாறாது. நம் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது இங்கிலாந்துப் பதிப்பு. மலிவு விலைப் புத்தகச் சந்தைகளில் இரண்டும் கலந்து கிடக்கும். வெவ்வேறு பெயரைப் பார்த்து ஒரே புத்தகத்தை இரண்டு முறை வாங்கிவிடக் கூடாது.

ஒவ்வொரு புத்தகமும் ஒரு பள்ளி ஆண்டு. பதினோராவது பிறந்தநாளில் ஹாரிக்கு ஹாக்வார்ட்ஸ் என்ற மந்திரப் பள்ளியில் இடம் கிடைத்த செய்தி வருகிறது. கடைசிப் புத்தகத்தில் அவனுக்கு வயது பதினேழு. பையன் வளர வளரப் புத்தகமும் தடிக்கிறது. இங்கிலாந்துப் பதிப்பில் முதலாவது 223 பக்கம், ஐந்தாவது 766 பக்கம். ஏழையும் கூட்டினால் ஏறக்குறைய 3,400 பக்கம். நாளைக்கு இருபது பக்கம் என்று வைத்தால் ஆறு மாதத்துக்குள் முடியும். வேலைக்குப் போகிறவருக்கும் ஐந்தாம் படிவப் பொதுத்தேர்வான எஸ்.பி.எம். எழுதப் போகிறவருக்கும் இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

## தோட்டத்துக்கு ஏன் தாமதமாக வந்தது

"நாங்க அப்பவே படிச்சிருக்கணும்" என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். காரணத்தைப் பார்த்தால் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

விலைதான் முதல் காரணம். இறக்குமதிப் புத்தகம், அதுவும் ரிங்கிட் விழுந்து டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்த காலம். 1998 முதல் 2005 வரை அந்த நிலைதான். ஏழு புத்தகங்களில் பெரும்பகுதி அந்த வருடங்களுக்குள் வந்தவை. ஏழாவது புத்தகம் 2007இல் வந்தபோது மலேசியாவில் அதன் விலை 109 ரிங்கிட் 90 காசு. டெஸ்கோ, கேரிஃபோர் பேரங்காடிகள் அதை 69 ரிங்கிட் 90 காசுக்கு விற்றன. எம்பிஎச், பாப்புலர், டைம்ஸ், ஹாரிஸ் ஆகிய நான்கு புத்தகக் கடைகளும் எதிர்ப்புத் தெரிவித்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டன. சில நாளில் சண்டை ஓய்ந்து, தள்ளுபடியோடு மறுபடி விற்றார்கள். அந்தச் சண்டையில் பேசப்பட்ட மலிவு விலையைத் தோட்டத்துச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று அமலுக்கு வந்ததே 2013இல்தான். தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட். அதற்கு ஆறு வருடம் முந்தைய தோட்டக் குடும்பத்தில் எழுபது ரிங்கிட் ஒரு கதைப்புத்தகத்துக்குப் போயிருக்க வழியே இல்லை.

அந்தப் புத்தகம் இங்கிலாந்தில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் விற்பனைக்கு வந்தது. நமக்கு அது சனிக்கிழமை காலை 7 மணி 1 நிமிடம். கோலாலம்பூரில் கடை திறக்கக் காத்திருந்தவர்கள் கைக்குப் புத்தகம் வந்த அந்த நேரத்தில், பால்மரத் தோட்டத்தில் பெரட்டு என்ற விடிகாலை ஆள்கணக்கு முடிந்து பால்வெட்டே பாதி நடந்திருக்கும்.

அடுத்தது மொழி. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குத் தமிழ், மலாய், அப்புறம்தான் ஆங்கிலம். பேச்சில் ஆங்கிலம் புழங்காத வீட்டில் ஆங்கில நாவலைப் பிள்ளை தானாக எடுக்காது. படம்தான் முதலில் வந்தது. விசிடியில், பிறகு தொலைக்காட்சியில், திரையின் அடியில் ஓடும் மலாய் மொழிபெயர்ப்பு எழுத்துகளோடு. தோட்டப்புறத்தில் ஹாரி பாட்டரை அறிந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வழியில்தான் அறிந்தார்கள். இதன் விளைவைக் கீழே பார்ப்போம், அது சின்ன விஷயம் இல்லை.

## ஹாக்வார்ட்ஸ்: நமக்குத் தெரிந்த பள்ளிக்கூடம்தான்

"வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கு என்ன புரியும்?" என்ற தயக்கம் உண்டு. மலேசியப் பள்ளியில் படித்தவருக்கு இந்தத் தயக்கம் தேவையே இல்லை. ஹாக்வார்ட்ஸ் பழைய ஆங்கில விடுதிப்பள்ளியின் மந்திர வடிவம். நம் பள்ளி முறையை அமைத்தவர்களும் அதே ஆங்கிலேயர்கள். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்திலேயே கோலகங்சாரில் 1905இல் தொடங்கிய மலாய் கல்லூரி அந்த விடுதிப்பள்ளிகளின் அச்சில்தான் வார்க்கப்பட்டது. "கிழக்கின் ஈட்டன்" என்றே அதைச் சொல்வார்கள்.

பொருத்திப் பார்த்தால் இப்படி வரும்:

1. ஹாக்வார்ட்ஸில் ஏழு வருடம். நம் இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 முதல் 5 வரை, அதற்கு மேல் படிவம் ஆறில் இரண்டு வருடம். அங்கே ஐந்தாம் வருடக் கடைசியில் 'ஆவுல்' என்ற பொதுத்தேர்வு, நமக்கு எஸ்.பி.எம். அங்கே ஏழாம் வருடத்தில் 'நியூட்', நமக்கு எஸ்.டி.பி.எம். இங்கிலாந்தின் ஓ லெவல், ஏ லெவல் தேர்வுகளின் வாரிசுகள்தான் இவை எல்லாம். ஐந்தாவது புத்தகத்தில் பிள்ளைகள் தேர்வு நெருங்க நெருங்கப் படும் பாட்டை, எஸ்.பி.எம். ஆண்டில் டியூஷனுக்கும் வீட்டுக்கும் அலைந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2. ஹாக்வார்ட்ஸில் நான்கு இல்லங்கள். கிரிஃபின்டோர் சிவப்பு, ராவன்கிளா நீலம், ஹஃபிள்பஃப் மஞ்சள், சிலித்தரின் பச்சை. நம் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியிலும் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை இல்லங்கள்தான். ஒரு வேறுபாடு முக்கியம். நமக்கு இல்லம் என்பது ஓட்டப்பந்தய நாளோடு சரி. அங்கே தூங்குவது, சாப்பிடுவது, நட்பு, பகை எல்லாமே இல்லத்தை வைத்துத்தான். நீ எந்த இல்லத்து ஆள் என்பதைப் பதினோரு வயதில் ஒரு தொப்பி தீர்மானித்துவிடும். அந்த வயதில் ஒரு பிள்ளையை இப்படி வகை பிரிப்பது சரியா என்ற கேள்வி தொடர் முழுக்க அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

3. சட்டாம்பிள்ளைகள், ஒழுங்குப் புள்ளிகள், தண்டனைக்குப் பள்ளி முடிந்தும் நிறுத்திவைப்பது எல்லாம் நமக்குப் பழகியவை. ஹாரியின் நண்பன் ரான் வீஸ்லி அண்ணன்மார்களின் பழைய உடுப்பையும் பழைய மந்திரக்கோலையும் கொண்டு பள்ளிக்கு வருகிறான். வீட்டில் ஏழு பிள்ளைகள், அப்பா அரசாங்கத்தில் சாதாரண வேலை. இரவல் பாடநூல் வாங்கிப் படித்த பிள்ளைக்கு ரானை உடனே பிடித்துவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டிய புதிய சொற்கள் கொஞ்சம்தான். 'மகிள்' என்றால் மந்திரம் இல்லாத சாதாரண மனிதர். 'ஸ்குவிப்' என்றால் மந்திரக் குடும்பத்தில் பிறந்தும் மந்திரம் வராதவர். 'மட்பிளட்' என்பது வசைச்சொல். அதற்குத் தனியாக வருவோம்.

## படம் பார்த்தவர் பார்க்காதவை

படங்கள் நன்றாகவே எடுக்கப்பட்டவை. ஆனால் 766 பக்கத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்க முடியாது. வெட்டப்பட்டவற்றில் சிலது அலங்காரம், போனால் போகட்டும். பள்ளியில் குறும்பு செய்துகொண்டே திரியும் பீவ்ஸ் என்ற ஆவி படத்தில் இல்லவே இல்லை. அதனால் கதைக்குப் பெரிய நஷ்டமில்லை. வேறு சில வெட்டுகள் கதையின் எலும்பையே தொட்டன.

1. மூன்றாவது கதையில் ஒரு மந்திர வரைபடம் வரும். பள்ளிக்குள் யார் எங்கே இருக்கிறார் என்று காட்டும். அதைச் செய்த நால்வர் யார் என்பது புத்தகத்தின் முக்கியமான திருப்பங்களில் ஒன்று. படம் அதைத் தெளிவாகச் சொல்லாமலே கடந்துவிடுகிறது.

2. ஆறாவது கதையில் வில்லனின் தாய் யார், அவள் வளர்ந்த வீடு எப்படிப்பட்டது என்ற பகுதி படத்தில் கிடையாது. அது இல்லாமல் அவன் வெறும் கெட்டவன். அதோடு படித்தால், பழம்பெருமை பேசிப் பேசியே பாழாய்ப்போன ஒரு குடும்பத்தின் கடைசிக் கொழுந்து.

3. நெவில் என்ற பயந்தாங்கொள்ளிப் பையனின் அப்பா அம்மா மனநிலை குலைந்து மருத்துவமனையில் இருக்கிறார்கள். ஐந்தாவது புத்தகத்தில் அவன் பாட்டியோடு அவர்களைப் பார்க்கப் போகிறான். அம்மா எழுந்து வந்து, காலியான மிட்டாய்த் தாள் ஒன்றை அவன் கையில் வைக்கிறாள். குப்பையில் போடச் சொல்கிறார் பாட்டி. பையன் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறான். தொடரிலேயே மிகச் சிறந்த இடம் இது என்பது என் எண்ணம். படத்தில் இந்தக் காட்சி இல்லை.

நான்காவது வெட்டைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

## டாபியின் சம்பளப் பேச்சு

மந்திரக் குடும்பங்களின் பெரிய வீடுகளில் குள்ளமான வேலைக்கார உயிர்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஹவுஸ் எல்ஃப் என்பார்கள். சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, பரம்பரையாக ஒரே குடும்பத்துக்கு உழைக்க வேண்டும். எஜமானர் உடுப்பு கொடுத்தால் விடுதலை. அதனால் உடுப்பே கொடுக்க மாட்டார்கள், பழைய தலையணை உறையைச் சுற்றிக்கொண்டு திரியும். எஜமானரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டால், தன் தலையைத் தானே சுவரில் மோதிக்கொள்ளும். இரண்டாவது கதையில் வரும் டாபி இப்படிப்பட்டது. படம் பார்த்தவர்களுக்கு டாபியை நன்றாகத் தெரியும், வேடிக்கையான ஒரு பாத்திரமாக.

நான்காவது புத்தகத்தில் இந்த விஷயம் வேடிக்கையைத் தாண்டுகிறது. அந்தப் பகுதியைப் படம் முழுசாக வெட்டிவிட்டது. டாபியே அந்தப் படத்தில் தலைகாட்டவில்லை. புத்தகத்தில் நடப்பது இது: ஹாக்வார்ட்ஸின் விருந்து மேசையில் சாப்பாடு தானாக வருவதாகத்தான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். கீழே சமையலறையில் நூற்றுக்கும் மேற்பட்ட எல்ஃப்கள் சம்பளமில்லாமல் சமைத்து அனுப்புகின்றன என்பது ஹாரியின் தோழி ஹெர்மாயினிக்குத் தெரியவருகிறது. விடுதலை பெற்ற டாபி அங்கே வேலை கேட்டு வருகிறது. தலைமையாசிரியர் டம்பிள்டோர் வாரத்துக்குப் பத்து கேலியன் (மந்திர உலகத்துத் தங்கக் காசு) தருகிறேன், சனி ஞாயிறு விடுமுறை என்கிறார். டாபி அது அதிகம் என்று பேரம் பேசிக் குறைக்கிறது. கடைசியில் முடிவானது வாரத்துக்கு ஒரு கேலியன், மாதத்துக்கு ஒரு நாள் லீவு.

சிறுவயதில் படித்தவர்கள் இதற்குச் சிரித்திருப்பார்கள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்து, நாற்பது வயதில் முதல்முறை படிக்கிறவருக்குச் சிரிப்பு வருமா? துரை, பெரிய கிராணி, கங்காணி, அதற்கும் கீழே வெட்டுக்காரர் என்ற அடுக்கில் தலைமுறைகள் வாழ்ந்த இடம் இது. துரை பங்களா வழியாகப் போகும்போது சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனதைச் சொல்லும் தாத்தாக்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். தனக்குக் கிடைக்க வேண்டியதைக் கேட்பதே மரியாதைக்குறைவு என்று ஒரு மனிதன் எப்படி நினைக்கப் பழகுகிறான்? அதிகமாகக் கொடுத்தால் பயப்படுகிற நிலைக்கு எப்படி வருகிறான்? டாபியின் பேரத்தில் இருப்பது அதுதான்.

அப்புறம் ஹெர்மாயினி ஒரு சங்கம் தொடங்குகிறாள். பேட்ஜ் அடித்து விற்கிறாள். நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். எல்ஃப்களே கோபித்துக்கொள்கின்றன, சம்பளப் பேச்சு அவற்றுக்கு அவமானம். வேலையிலிருந்து துரத்தப்பட்ட விங்கி என்ற எல்ஃப் குடித்துவிட்டுச் சமையலறை அடுப்பருகில் அழுது கிடக்கிறது. ஹெர்மாயினியின் நியாயம் சரி, வழி சரியில்லை. யாருக்காகப் போராடுகிறாளோ அவர்களோடு அவள் முதலில் உட்கார்ந்து பேசவில்லை. நம் தோட்டங்களில் 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றாகி பி. பி. நாராயணன் தலைமையில் தேசியச் சங்கம் ஆனபோது, சம்பளப் பேச்சு மேசையில் தொழிலாளியின் ஆள் உட்கார்ந்தார். கதையில் எல்ஃப்களுக்கு அப்படி ஒரு மேசை அமையவே இல்லை.

இதைத் தொடரின் பெரிய குறை என்றே சொல்வேன். இவ்வளவு கூர்மையாகக் கேள்வியை எழுப்பிவிட்டு, ஏழாவது புத்தகம் முடியும்போதும் அந்த அமைப்பு அப்படியே இருக்கிறது. ஏழாவதில் கிரீச்சர் என்ற கிழட்டு எல்ஃப் தன் கதையைத் தானே சொல்லும் ஓர் அத்தியாயம் உண்டு. அந்த ஒரு இடத்தில்தான் எல்ஃபின் வாயிலிருந்தே முழு வாழ்க்கையைக் கேட்கிறோம். படத்தில் அது சில வரிகளாகிவிட்டது.

'மட்பிளட்' என்ற வசையும் இதோடு சேர்ந்ததுதான். சாதாரண மனிதருக்குப் பிறந்த மந்திரப் பிள்ளையை, "அசுத்த ரத்தம்" என்று பொருள்படத் திட்டும் சொல். இரண்டாவது புத்தகத்தில் மால்ஃபாய் என்ற சக மாணவன் அதை ஹெர்மாயினியின் முகத்துக்கு நேரே சொல்கிறான். சுற்றியிருந்தவர்கள் கொதித்துப் போகிறார்கள். அவளுக்கும் ஹாரிக்கும் மட்டும் சொல்லின் பொருள் தெரியாது. பிறகு ரான் சொல்லித்தான் தெரிகிறது. படத்தில் இதை மாற்றி, அவளே விளக்குவதாக வைத்தார்கள். புத்தகத்தில் இருப்பதுதான் உண்மைக்கு நெருக்கம். ஒரு பிள்ளை தன் பிறப்பை வைத்து முதல்முறை திட்டு வாங்கும்போது, எதற்காகத் திட்டுகிறார்கள் என்பதே அதற்குத் தெரிவதில்லை. சாதி பார்த்து லயம் பிரித்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட நமக்கு இதன் கனம் தெரியும்.

## தாமதத்தால் போனதும் கிடைத்ததும்

போனது காத்திருப்பு. நான்காவது புத்தகம் 2000 ஜூலையில், ஐந்தாவது 2003 ஜூனில். அந்த மூன்று வருடம் வாசகர்கள் ஊகித்தார்கள், சண்டை போட்டார்கள், ஒவ்வொரு வரியையும் புரட்டினார்கள். அந்தக் கூட்டுக் கொண்டாட்டம் இனி வராது. யார் சாவார், யார் உண்மையில் எந்தப் பக்கம் என்ற ரகசியங்களும் பாதி தெரிந்தேதான் வருகிறோம்.

கிடைப்பது என்னவென்றால், கதை பின்னப்பட்ட விதம். முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் ராட்சத உருவம் கொண்ட ஹாக்ரிட் பறக்கும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறான். வண்டி எங்கே கிடைத்தது என்று கேட்டால், இளைஞன் சிரியஸ் பிளாக் இரவல் கொடுத்தான் என்கிறான். அதோடு அந்தப் பெயர் மறைந்துவிடும். மூன்றாவது புத்தகமே அந்த ஆளைச் சுற்றித்தான். 1997இல் படித்தவருக்கு அது இரண்டு வருட இடைவெளி, பெயர் மறந்திருக்கும். இன்று தொடர்ந்து படிக்கிறவருக்கு மூன்று நாலு வாரம், பெயர் நினைவில் நிற்கும். இரண்டாவதில் உடைந்துபோன ஓர் அலமாரி ஆறாவதில் உயிர்பெறும். ஐந்தாவதில் வீட்டைச் சுத்தம் செய்யும்போது யாராலும் திறக்க முடியாத ஒரு பதக்கம் வரும், அரை வரிதான். அந்த அரை வரியைக் கவனித்து வையுங்கள்.

முடிவு தெரிந்திருப்பதும் அவ்வளவு நஷ்டமில்லை. ராமன் ஜெயிப்பான் என்று தெரிந்தேதான் கூத்துப் பார்த்தோம். ஏழு கடல், ஏழு மலை தாண்டி, கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த அரக்கன் கதையைப் பாட்டியிடம் கேட்டவர்களுக்கு ஆறாவது புத்தகத்தில் ஓர் இடம் வரும்போது, "அட, இது நம்ம கதையாச்சே" என்று தோன்றும். எந்த இடம் என்று சொல்லமாட்டேன்.

## மந்திரம் பற்றிய பயம்

பில்லி, சூனியம், பொம்மோ எனப்படும் மலாய் மந்திரவாதி என்று உண்மையிலேயே பயந்து வாழும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அதனால் பெற்றோர் கேட்பது நியாயமான கேள்விதான். புத்தகத்தில் உள்ள மந்திரம் பள்ளிப்பாடம். அதற்கு வீட்டுப்பாடம் உண்டு, தேர்வு உண்டு, படிக்காவிட்டால் வராது. எந்தத் தெய்வத்தையோ பேயையோ அழைப்பது, பலி கொடுத்துக் கும்பிடுவது எல்லாம் பாடத்தில் கிடையாது. வீட்டில் செய்துபார்க்கக்கூடிய எதுவும் இல்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. நான்காவது புத்தகத்தின் கடைசியில் ஒரு பள்ளி மாணவன் கொல்லப்படுகிறான். அங்கிருந்து கதை இருண்டுகொண்டே போகிறது. சித்திரவதை, பிரியமானவர்களின் சாவு, அரசாங்கத்தின் பொய் எல்லாம் வரும்.

ஆசிரியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 முதல் திருநர் உரிமை குறித்து ரோலிங் சொல்லிவரும் கருத்துகளால் வாசகர்கள் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். படங்களில் நடித்த டேனியல் ராட்கிளிஃப், எம்மா வாட்சன் இருவரும் அவரோடு உடன்படவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அவருக்குப் பணம் போகக் கூடாது என்று நினைக்கிறவர் நூலகத்திலோ பழைய புத்தகமாகவோ எடுத்துப் படிக்கலாம்.

## எப்படித் தொடங்குவது

1. வரிசை மாற்றாதீர்கள். படம் பார்த்துவிட்டோம், நான்காவதிலிருந்து போகலாம் என்று தோன்றும். விதைகள் எல்லாம் முதல் மூன்றில் கிடக்கின்றன. மூன்றும் சேர்ந்து 800 பக்கம்கூட வராது.

2. வயது. முதல் மூன்றை நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையே படிக்கலாம். நான்காவதற்கு இடைநிலைப்பள்ளி வரை பொறுப்பது நல்லது. சின்னப் பிள்ளை கேட்டு அடம்பிடித்தால், கடைசி அத்தியாயங்களின்போது பெரியவர் யாராவது கூடவே படியுங்கள்.

3. மொழி. ஆங்கிலம் தடுமாறினால் வெட்கப்பட வேண்டாம். முதல் புத்தகத்தைத் தமிழில் மஞ்சுள் பதிப்பகம் 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' என்ற பெயரில் வெளியிட்டிருக்கிறது. மலாயில் ஜோகூரைச் சேர்ந்த பெலாங்கி நிறுவனம் 'ஹாரி பாட்டர் டெங்ஙான் பத்து ஹிக்மாட்' என்று கொண்டுவந்தது. நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. மூன்று மொழி தெரியும். ஓர் அத்தியாயத்தைத் தமிழிலோ மலாயிலோ படித்துவிட்டு, அதையே ஆங்கிலத்தில் படித்தால் அகராதியைத் தேடும் வேலை பெருமளவு குறையும். முதல் புத்தகத்தில் 17 அத்தியாயம்தான். அதை இப்படி இரண்டு முறை படித்த பிள்ளை இரண்டாவது புத்தகத்துக்கு நேராக ஆங்கிலத்திலேயே போய்விடும்.

4. ஹாக்ரிட் பேசும் கொச்சை ஆங்கிலம் எல்லாரையும் திணறடிக்கும். எழுத்துக்கூட்டே வேறுமாதிரி இருக்கும். அதைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும்.

5. பணம். ஏழையும் பெட்டியாக ஒரே தடவையில் வாங்க வேண்டாம். முதலாவதை வாங்குங்கள், அல்லது பள்ளி நூலகத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டாவதை வாங்கட்டும், மாற்றிக்கொள்ளலாம். ஐந்தாவது புத்தகத்தில்தான் பலர் நின்றுபோகிறார்கள். ஹாரி முதல் பாதி முழுக்க எரிந்து எரிந்து விழுவான், புத்தகமும் கனம். அங்கே சலித்தால் ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு, நெவில் மருத்துவமனைக்குப் போகும் 23ஆவது அத்தியாயம் வரையாவது போய்விடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படித்தவர் பாதியில் விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.